ஃபன்கோனி கண்ட மூன்று சகோதரர்கள்

1927இல் சூரிச் சிறுவர் வைத்தியசாலையைச் சேர்ந்த குவிடோ ஃபன்கோனி என்ற வைத்தியர், ஒரே குடும்பத்துச் சகோதரர்கள் மூவரைப் பற்றி எழுதினார். மூவருக்கும் பள்ளி செல்லத் தொடங்கும் வயதிலேயே கடும் இரத்தச்சோகை. வளர்ச்சி குன்றியிருந்தது, தோலில் கருமை படர்ந்திருந்தது. அன்றைய அறிவுக்கு அது குடும்பத்தில் ஓடும் ஓர் இரத்த நோய், அவ்வளவுதான். ஃபன்கோனி 1929இல் பேராசிரியராகி 1962 வரை அந்த வைத்தியசாலையை நடத்தினார். நோய்க்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது.

நோயின் வேர் இரத்தத்தில் இல்லை என்பது 1964இல்தான் தெரியத் தொடங்கியது. ஜெர்மனியில் இந்நோயாளரின் கலங்களைப் பார்த்தவர்கள், நிறமூர்த்தங்கள் தாமாகவே உடைந்திருப்பதைக் கண்டார்கள். டி.என்.ஏ.யின் இரு இழைகளும் சிலவேளை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கலம் பிரிவதற்கு முன் அந்த ஒட்டை வெட்டிச் சீர்செய்யப் புரதங்களின் கூட்டம் ஒன்று உண்டு. அதற்கான மரபணுக்கள் இன்று இருபதுக்கு மேல் அறியப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்று பழுதானாலும் பழுதுபார்ப்பு நின்றுவிடும். முதலில் எலும்பு மச்சை ஓயும். அதைத் தாண்டி வாழ்பவர்களுக்கு இரத்தப் புற்றுநோயும், புகைக்காதவர்களுக்கே இளவயதில் வாய், தொண்டைப் புற்றுநோயும் வரும்.

சிகிச்சையும் சிக்கலானது. மச்சை மாற்றுமுன் வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகள் பல டி.என்.ஏ.யைச் சேதப்படுத்துபவை; சீர்செய்ய இயலாத உடலுக்கு அவை நஞ்சு. பாரிஸில் எலியான் குளூக்மான் அந்த அளவுகளைக் குறைத்தார். 1988இல் உலகின் முதல் தொப்புள்கொடி இரத்த மாற்றுச் சிகிச்சையை அவரது குழு செய்ததும் ஃபன்கோனி நோயுள்ள ஒரு சிறுவனுக்கே. இரத்தம், அப்போது பிறந்த தங்கையுடையது.

2002இல் இந்த வரலாறு வளர்ந்தவர்களின் பக்கம் திரும்பியது. மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடையதாக ஏற்கெனவே அறியப்பட்ட பி.ஆர்.சி.ஏ.2 மரபணுவும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே என்று தெரியவந்தது. அதன் இரு பிரதிகளும் பழுதானால் பிள்ளைக்கு ஃபன்கோனி நோய். ஒன்று மட்டும் பழுதானால் பெண்ணுக்கு மார்பக, சூலகப் புற்றுநோய்க்கான வாய்ப்பு பல மடங்கு. (இக்கூட்டத்தின் எல்லா மரபணுக்களும் அப்படியல்ல.)

என் தொழிலில் முக்கியமான தரவுக்கு இரண்டு பிரதி வைப்போம். ஆனால் பழுதான ஒரே மூலத்திலிருந்து இரண்டையும் எடுத்தால் பயனில்லை. மச்சான் மச்சாள் கலியாணத்தில் நடக்கக்கூடியது இதுதான்: பாட்டனிடமிருந்த ஒரே பழுது இரு வழியாலும் வந்து சேரலாம். பெற்றோர் இருவரிடமும் அது இருந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் நலமாகவே இருக்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

ஆகவே இங்கே வைத்தியர்கள் குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், பெற்றோர் உறவினரா என்று கேட்பது வெறும் படிவக் கேள்வி அல்ல. அம்மாவுக்காக ஜெர்மன் மொழியில் பதில் சொல்வது பெரும்பாலும் இங்கே பிறந்த பிள்ளை. ஊரில் செத்த பெரியம்மாவின் "வயிற்று வருத்தம்" சூலகப் புற்றுநோய் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லியிருப்பதில்லை.