ஸ்டெட்: காணாமற்போன ஓர் இடம்

ஆங்கிலத்தின் 'இன்ஸ்டெட் ஆஃப்' என்பதற்குப் 'பதிலாக' என்று பொருள் எழுதிப் பள்ளியில் மதிப்பெண் வாங்கியவர்கள் நாம். அதன் நடுவில் நிற்கும் 'ஸ்டெட்' என்னவென்று கேட்கத் தோன்றியதில்லை. லண்டனின் வடபகுதியிலுள்ள ஹாம்ப்ஸ்டெட்டின் ஈற்றில் இருப்பதும் அதுவே.

பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டெடெ' என்றால் இடம். ஹாம்ப்ஸ்டெட் மனையிடம், 'ஸ்டெட்ஃபாஸ்ட்' நின்ற இடத்தைவிட்டு அசையாதவர். ஜெர்மன் மொழியில் இச்சொல் இரண்டாகப் பிரிந்தது. 'ஷ்டாட்' என்று ஒலித்தால் நகரமாகவும் இருக்கலாம், 'பதிலாக' என்பதாகவும் இருக்கலாம், எழுத்துக்கூட்டலில்தான் வேறுபாடு.

13ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இது 'இன்', 'ஸ்டெட்' எனத் தனித்தனியாகவே நின்றது. 'இன்னாருடைய இடத்தில்' என்னும் லத்தீன், பிரெஞ்சு வழக்குகளின் நேர்பெயர்ப்பு அது. (அந்தப் பிரெஞ்சு 'லியு' தந்த இன்னொரு சொல் லெப்டினென்ட்: மேலவரின் இடத்தைத் தாங்கி நிற்பவர்.) 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரு சொற்களும் ஒட்டத் தொடங்கின, 17ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒட்டியது நிலைத்துவிட்டது. 'ஸ்டெட்' என்ற பெயர்ச்சொல்லோ சில தொடர்களிலும் ஊர்ப்பெயர்களிலும் மட்டும் ஒதுங்கிக்கொண்டது.

இதில் ஓர் இழப்பு உண்டு என்பது என் எண்ணம். 1611ஆம் ஆண்டின் ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில், ஆபிரகாம் மகனைப் பலியிடக் கத்தியை ஓங்கிய பிறகு புதரில் சிக்கிய ஆட்டுக்கடாவைப் பலியிடுகிறான். அங்கே 'ஸ்டெட்' இன்னும் தனிச்சொல்தான். விறகின்மேல் மகன் கிடந்த அந்த இடத்தில் ஆடு கிடத்தப்படுவது கண்ணுக்குத் தெரிகிறது. மூலமான எபிரேயம் வேறொன்று சொல்கிறது. அதன் 'தஹத்' என்ற சொல்லுக்கு அடிப்படைப் பொருள் 'கீழே'. கண்ணுக்குக் கண் என்ற சட்டத்தில் வருவதும் அதே சொல்தான்.

தமிழ் விவிலியத்தில் 'பதிலாக' என்று இருக்கிறது. பதில் அரபுவழி வந்த சொல். மாற்று, பரிமாற்றம் என்பது அதன் மூலப்பொருள். இந்தியில் அதன் உறவான 'பத்லா' பழிவாங்குதலையும் குறிக்கும். பிழையான மொழிபெயர்ப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் இடம் மறைந்து, கொடுக்கல் வாங்கல் வந்துவிட்டது.

இன்றைய மொழிபெயர்ப்புகளில் நிலைமை இன்னும் மோசம். 'படிப்பதற்குப் பதிலாக விளையாடினான்' என்று கூசாமல் எழுதுகிறோம். 'படிக்காமல் விளையாடினான்' என்றோ, 'படிப்பை விட்டுவிட்டு விளையாடினான்' என்றோதான் எந்தத் தாயும் சொல்வாள்.

ஸ்டெட்டின் உறவினர் நம்மிடமும் உண்டு. நிற்றலைக் குறிக்கும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து அந்தப் பக்கம் ஸ்டெட்டும், இந்தப் பக்கம் வடமொழியின் ஸ்திதியும் ஸ்தானமும் பிறந்தன. பாணினி தன் இலக்கணத்தையே இந்த ஸ்தானத்தின்மேல் கட்டியிருக்கிறார். விதியில் ஆறாம் வேற்றுமை வந்து, வேறு தொடர்பு எதுவும் சொல்லப்படாவிட்டால், அதற்கு 'இதன் ஸ்தானத்தில்' என்று பொருள்கொள்ள வேண்டும். அப்படி ஓர் இடத்துக்கு வந்த ஒலியோ உருபோ, முன்பு அங்கிருந்ததைப் போலவே நடத்தப்படும் என்றும் சொல்கிறார். ஒலியைச் சார்ந்த விதிகளுக்கு மட்டும் விலக்கு. இடத்துக்கு வருபவர் வெறும் மாற்று ஆள் அல்லர், அந்த இடத்தின் உரிமையும் கடமையும் அவரைச் சேரும் என்று இதை விரித்துப் படிக்க எனக்கு ஆசை. இலக்கணப் புலவர்கள் பொறுத்தருள்க.

தகப்பனை இழந்த பெண்ணின் திருமணத்தில், 'அப்பா ஸ்தானத்துல நின்னு பெரியப்பாதான் தாரை வார்த்தார்' என்பார்கள். அப்பாவுக்குப் பதிலாக என்று அங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை.