கூண்டும் குருளையும்

வீட்டுக்குப் புதிதாக வந்த நாய்க்குட்டியைக் கூண்டில் இருக்கப் பழக்குவது வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த நூதன வழக்கம் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கம்பிக் கூண்டு வேண்டுமானால் புதிய சரக்காக இருக்கலாம். அதற்குள் அடங்கியிருக்கும் பிரச்னை மிகப் பழையது. ஓடித் திரியும் ஓர் உயிரை ஓரிடத்தில் இருத்த வேண்டும். அதே சமயம் அதன் அன்பையும் இழந்துவிடக் கூடாது. இது எப்படிச் சாத்தியம்? இந்தக் கேள்விக்கு விடை தேடிச் சீமைக்குப் போக வேண்டியதில்லை. திருத்தணி மலைப்படியில் உட்கார்ந்துகொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாலே முக்கால் பங்கு விடை கிடைத்துவிடும்.

திருத்தணி என்ற பெயரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. சூரனோடு செய்த போரும், வள்ளியின் பொருட்டு வேடர்களோடு செய்த போரும் முடிந்த பிறகு, முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடமாகையால் தணிகை என்று பெயர் வந்தது என்பார்கள். சினமும் அச்சமும் ஒரு நொடியில் மூண்டுவிடும். தணிவதற்குத்தான் ஓர் இடமும் கொஞ்ச காலமும் வேண்டும். முருகப் பெருமானுக்கே ஒரு மலை வேண்டியிருந்ததென்றால், தாயைப் பிரிந்து வந்த எட்டு வாரக் குட்டிக்கு வீட்டிலே ஒரு மூலை வேண்டாமா?

வள்ளி வேடர் குலத்தில் வளர்ந்தவள். தொண்டை நாட்டின் இந்த வட பாகம் பழைய கதைகளில் வேடர் சீமையாகவே வருகிறது. வேடர் இருந்தால் நாய் இல்லாமல் இருக்குமா? காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், எயினர்களுடைய காவல் மனையில் நாய்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்த செய்தி வருகிறது. ஆகவே நாயைக் கட்டிப் பழக்கும் வித்தை சங்க காலத்திலேயே நமக்குத் தெரிந்ததுதான்.

இன்னும் அழகான சித்திரம் ஒன்று பெரியபுராணத்தில் இருக்கிறது. சேக்கிழார் குன்றத்தூர்க்காரர்; தொண்டை நாட்டு மண்ணின் பிள்ளை. கண்ணப்பர் பிறந்த உடுப்பூரை அவர் வருணிக்கும்போது, விளாமரங்களில் வளைந்த காதுடைய நாய்களைக் கட்டியிருப்பதையும், அந்த மரக்கிளைகளில் வேட்டை வலைகள் தொங்குவதையும் காட்டுகிறார். அதே ஊரில் வேடர் வீட்டுச் சின்னஞ்சிறு பிள்ளைகள் புலிக் குட்டிகளோடும் யானைக் கன்றுகளோடும் கூடி விளையாடுவதையும் காட்டுகிறார். ஒரு பக்கம் கட்டு, இன்னொரு பக்கம் விளையாட்டு. வேடர்கள் பள்ளிக்கூடம் போனவர்கள் அல்லர். ஆனாலும் பிராணியைக் கட்டி வைத்தால் மட்டும் போதாது, அதனோடு கூடி வாழவும் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தொல்காப்பியர் மரபியலில் நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைக்கும் குருளை என்று ஒரே பெயரைக் கொடுத்திருக்கிறார். புலிக் குட்டியும் குருளை. நம் வீட்டுத் திண்ணையில் செருப்பைக் கடித்துக் குதறும் வீரனும் குருளை. செருப்பைப் பறிகொடுத்தவர்கள் தொல்காப்பியரின் கூற்றை உடனே ஒப்புக்கொள்வார்கள்!

இனி, திருத்தணியிலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் போகலாம். அரக்கோணத்தைத் தாண்டினால் தக்கோலம். இன்று அமைதியான சிற்றூர். கி.பி. 949-ஆம் ஆண்டில் சோழ ராஜ்யத்தின் தலைவிதியே இங்கே மாறியது. வீராணம் ஏரியோடு சேர்த்து நாம் நினைவுகூரும் ராஜாதித்தர், பராந்தக சோழரின் மூத்த புதல்வர், ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையை இங்கே எதிர்த்து நின்றார். யானை மீதிருந்தபடியே உயிர் நீத்தார். அவரைக் கொன்றவன் கிருஷ்ணனுடைய மைத்துனனான கங்க மன்னன் பூதுகன். இதெல்லாம் சரித்திரப் பாடத்தில் வருவது. பாடப் புத்தகங்கள் சொல்லாமல் விட்ட ஒரு சங்கதியும் உண்டு. தக்கோலத்து யுத்தத்தைச் சொல்லும் மிக முக்கியமான கன்னடச் சாஸனம் ஒரு நாயின் நினைவுக்கல்!

பூதுகனிடம் மணலேரன் என்ற வீரன் இருந்தான். அவனுடைய பராக்கிரமத்தைக் கண்டு மகிழ்ந்த பூதுகன், "வேண்டியதைக் கேள்" என்றான். வெற்றி பெற்ற அரசன் இப்படிச் சொன்னால் யார்தான் சும்மா இருப்பார்கள்? ஊரைக் கேட்பார்கள், பொன்னைக் கேட்பார்கள். மணலேரன் காளி என்ற வேட்டை நாயைக் கேட்டான். பூதுகன் கொடுத்துவிட்டான். பிறகு ஒரு நாள் பெரிய காட்டுப் பன்றி ஒன்றின் மீது காளியை ஏவினார்கள். நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று மாண்டன. இன்றைய மாண்டியா ஜில்லாவிலுள்ள ஆதகூரில், கோயிலுக்கு எதிரே, காளிக்காகக் கல் நாட்டினார்கள், நிலமும் விட்டார்கள். அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் பூசாரி கல்லுக்குப் பூஜை செய்யாமல் உண்ணக் கூடாது என்றும் விதித்தார்கள். அந்தக் கல் இப்போது பெங்களூர் அரசாங்க மியூசியத்தில் இருக்கிறது.

சாஸனம் சொல்லாத இடத்தில்தான் நாவலாசிரியனுக்கு வேலை. அரசனுடைய நாய் ஒரு போர்வீரனுடைய வீட்டுக்கு வந்த முதல் இரவு எப்படியிருந்திருக்கும்? ஆள் புதிது, குரல் புதிது, சோற்றின் வாசனைகூடப் புதிது. காளி வாசற்படியையே பார்த்துக்கொண்டு முனகியிருக்கும் என்றுதான் என் மனசுக்குத் தோன்றுகிறது. மணலேரன் அதன் பக்கத்திலே படுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் புதிய எஜமானன் கை காட்டிய திசையில் அது உயிரைக் கொடுத்துப் பாய்ந்திருக்குமா?

நாயின் நம்பிக்கை அவ்வளவு பெரியது. பெரியதாக இருப்பதனாலேயே அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. நம்பிவிட்டால் அது எந்தக் கூண்டுக்குள்ளும் போகும். 1957-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் தேதி ருஷ்யர்கள் வானத்துக்கு அனுப்பிய லைகாவின் கதை அதுதான். அது மாஸ்கோத் தெருவில் அலைந்துகொண்டிருந்த நாய். ஸ்புட்னிக்கின் சிறிய அறைக்குள் அடங்கியிருக்க வேண்டுமே! அதற்காக அதை முதலில் ஒரு கூண்டில் வைத்தார்கள். பிறகு அதைவிடச் சிறிய கூண்டில். பிறகு அதைவிடவும் சிறியதில். இருபது நாள் வரையில்கூட இப்படி அடைத்துப் பழக்கினார்கள். பழக்கியவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். புறப்படுமுன் விஞ்ஞானி ஒருவர் லைகாவைத் தம் வீட்டுக்கு அழைத்துப்போய்க் குழந்தைகளோடு விளையாட விட்டார். ஆயினும் திரும்பி வர வழியில்லாத பிரயாணம் அது. பல நாள் உயிரோடிருந்தது என்று உலகம் வெகு காலம் நம்பிக்கொண்டிருந்தது. சில மணி நேரத்திலேயே உஷ்ணம் தாங்காமல் இறந்துபோயிற்று என்ற உண்மை 2002-ஆம் ஆண்டில்தான் வெளியாயிற்று.

லைகாவின் கூண்டுக்கும் நம் வீட்டுக் கூண்டுக்கும் கம்பியில் வித்தியாசம் இல்லை. யாருக்காக அந்தக் கூண்டு என்பதிலேதான் வித்தியாசம். குட்டியின் நிம்மதிக்காக வைத்தால் அது வீடு. நம்முடைய சௌகரியத்துக்காக மட்டும் வைத்தால் அதற்கு வேறு பெயர்.

இந்த வித்தியாசத்தை நம் நாட்டுச் சட்டம் 1960-இல் எழுதி வைத்தது. அந்த வருஷத்தைத் திருத்தணிக்காரர்கள் மறக்க மாட்டார்கள். வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, ஆந்திராவின் சித்தூர் ஜில்லாவிலிருந்த திருத்தணி அந்த ஆண்டு ஏப்ரல் முதல் தேதி சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அதற்கு வித்திட்டவர் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி. ராஜ்ய சபையில் அவர் கொண்டுவந்த தனி மசோதாவை, அரசாங்கமே இதைக் கவனிக்கும் என்று நேரு உறுதி சொன்ன பிறகு வாபஸ் பெற்றார். அந்த ஆண்டுகளில் ராஜ்ய சபைக்குத் தலைவராயிருந்தவர் யார் தெரியுமா? திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன்தான்!

உடலை அசைத்து நடமாட இடமில்லாத கூண்டில் பிராணியை அடைப்பது குற்றம்; நியாயமற்ற குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டுவது குற்றம்; எப்போதும் கட்டியோ அடைத்தோ வைக்கும் நாயை வெளியே நடத்திச் செல்லாமல் இருப்பதும் குற்றம் என்கிறது அந்தச் சட்டம்.

சட்டம் செய்யக் கூடாததைச் சொல்லும். செய்ய வேண்டியதை வீட்டுப் பெரியவர்கள்தாம் சொல்ல வேண்டும். திருத்தணியில் எனக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தில் குட்டி ஒன்று வாங்கி, கூண்டில் போட்டுக் கொல்லைப்புறத்தில் வைத்தார்கள். இரவெல்லாம் ஒரே ஓலம். "கத்தட்டும் விடு அம்மா, தானே அடங்கிவிடும்" என்றார் வீட்டுக்காரர். அவருடைய தாயார் புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிறவர். "பாபம்டா, குக்கபில்ல! புதுசா வந்த மருமகளைக் கொல்லையிலேயா படுக்க வைப்பே?" என்று கேட்டுவிட்டு, கூண்டைத் தம் கட்டிலண்டை கொண்டுவரச் சொன்னார். உள்ளே ஒரு பழம் புடவையை மடித்துப் போட்டார். கம்பி இடுக்கில் இரண்டு விரலை விட்டுக்கொண்டு படுத்தார். குட்டி விரலை நக்கிக்கொண்டே தூங்கிப்போயிற்று. சில நாள் கழித்துக் கூண்டை ஒவ்வொரு சாணாக நகர்த்தி, கூடத்து மூலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பாட்டியம்மாள் எந்தப் புத்தகமும் படிக்கவில்லை. ஆனால் நாய் பழக்கும் நிபுணர்கள் இன்று சொல்வதும் ஏறக்குறைய இதுவேதான்.

அவர்கள் சொல்லும் மற்றவற்றையும் கேளுங்கள். முதலில் கூண்டின் கதவைத் திறந்தே வையுங்கள். குட்டி தானாகப் போய் வரட்டும். சோற்றுக் கிண்ணத்தை உள்ளே வையுங்கள். அது சாப்பிடும்போது மட்டும் கதவைச் சாத்தி, முடித்ததும் திறந்து விடுங்கள். பிறகு ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், அரைமணி என்று மெல்ல நீட்டுங்கள். எழுந்து நிற்கவும், திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் இடம் இருக்க வேண்டும். அதைவிட மிகப் பெரிதானால் ஒரு மூலையில் படுத்து மறு மூலையை அசுத்தம் செய்யும். படுக்கிற இடத்தை அசுத்தம் செய்யாமலிருப்பது நாயின் பிறவிக் குணம். அந்தக் குணம்தான் இந்த வித்தைக்கெல்லாம் மூலதனம்.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே கொண்டுபோக வேண்டும். இரண்டு மாதக் குட்டி பகலில் அதிகம் போனால் மூன்று மணி நேரம் அடக்கிக்கொள்ளும். மூன்று மாதமானால் நான்கு. நடுநிசியில் முனகினால் அது பிடிவாதம் என்று தீர்மானித்துவிடாதீர்கள். தூக்கிப் போய் வெளியே விட்டு, கொஞ்சிக் குலாவாமல் மறுபடி படுக்க வையுங்கள். தண்டனையாக மட்டும் ஒருபோதும் கூண்டில் தள்ளக் கூடாது. ஒருமுறை சிறையாகிவிட்ட இடம் மறுபடி வீடாவது கஷ்டம்.

திருத்தணிக்கென்று தனியாக ஓர் எச்சரிக்கையும் உண்டு. கோடையில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மொட்டை மாடியிலோ தகரக் கொட்டகையிலோ கம்பிக் கூண்டை வைத்தால் அது அடுப்பு. லைகாவைக் கொன்றதும் உஷ்ணம்தான் என்பதை நினைவில் வையுங்கள். நிழல், காற்று, எட்டும்படி தண்ணீர் இந்த மூன்றும் இல்லாத கூண்டில் நல்லெண்ணம் மட்டும் இருந்து என்ன பிரயோஜனம்?

கடைசியாக ஒன்று. தாய் நாயோடு குட்டி படுத்திருந்த பழந்துணியில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி வந்து கூண்டுக்குள் போடச் சொல்கிறார்கள். இதைக் கேட்டதும் எனக்குத் தணிகைக் கோயிலிலுள்ள யானையின் நினைவு வந்தது. மற்றக் கோயில்களில் வாகனம் சந்நிதியைப் பார்த்து நிற்கும். இங்கே யானை கிழக்கே, வெளிப்புறம் பார்த்து நிற்கிறது. தெய்வயானையைக் கல்யாணம் செய்து கொடுத்தபோது இந்திரன் ஐராவதத்தைச் சீராகக் கொடுத்தானாம். யானை போனதும் தேவலோகத்துச் செல்வம் குறைந்தது. கொடுத்ததைத் திரும்ப வாங்க இந்திரனுக்கு மனமில்லை. தன் திசையை நோக்கியபடி அது நின்றால் போதும் என்று வேண்டிக்கொண்டான். முருகனும் சம்மதித்தான் என்பது தல புராணம். புதிய வீட்டுக்கு வந்த பிராணி பழைய வீட்டுத் திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் தணிகைநாதனுக்குக் குறையொன்றும் தோன்றவில்லை. நம் வீட்டுக் குட்டி நாலு நாள் வாசலைப் பார்த்து முனகினால் நாம் மட்டும் ஏன் கோபித்துக்கொள்ள வேண்டும்?