காட்பாடி ரயிலில் போன ரத்தம்

பெரிய வியாதி என்றால் வேலூர் சி.எம்.சி. தேசூர், ஆரணி பக்கத்து நெசவாளர் வீடுகளில் முதலில் வாயில் வரும் பெயர் அதுதான். எச்.ஐ.வி. இந்தியாவுக்குள் வந்துவிட்டது என்று முதன்முதலில் தெரிந்ததும் அங்கேதான், 1986 பிப்ரவரியில்.

தேடிப் போனவர் செல்லப்பன் நிர்மலா. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு மாணவி, வயது 32. எய்ட்ஸை ஆய்வுக்கு எடுக்கச் சொன்னவர் பேராசிரியர் சுனிதி சாலமன். அது மேலை நாட்டார் வியாதி, நமக்கு வராது என்று படித்தவர்களே பேசிக்கொண்டிருந்த காலம். பாலியல் தொழில் வழக்கில் பிடிபட்டுக் காப்பகத்தில் இருந்த பெண்களிடம் நிர்மலா ரத்தம் எடுத்தார், கையில் உறைகூட இல்லாமல். மூன்று மாதத்தில் எண்பதுக்கு மேல் மாதிரிகள் சேர்ந்தன. அவற்றை வீட்டு ஃபிரிட்ஜில் பத்திரப்படுத்தி, கணவரையும் கூட்டிக்கொண்டு இரவு ரயிலில் காட்பாடி போய் இறங்கினார்; அங்கிருந்து ஆட்டோ.

சி.எம்.சி.யில் சோதித்தபோது ஆறு மாதிரிகள் மஞ்சளாயின; கிருமி இருப்பதன் அடையாளம் அது.

அமெரிக்காவில் மறுபடி சோதித்தபோதும் அதே முடிவு. மே மாதம் சுகாதார அமைச்சர் ஹண்டே சட்டமன்றத்தில் செய்தியை அறிவித்தார். எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்பது மட்டும் அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை.

பால்வினை நோய் என்றால் பெண்ணைப் பிடித்துச் சோதிப்பது பழைய பழக்கம்தான். சிப்பாய்களை மேகநோயிலிருந்து காக்க வெள்ளைக்கார அரசு 1868-ல் ஒரு சட்டம் போட்டது. தொழில் செய்யும் பெண்கள் பெயரைப் பதிய வேண்டும், குறித்த நாளில் சோதனைக்கு வர வேண்டும், நோய் கண்டால் ஆஸ்பத்திரியில் அடைபட வேண்டும். அவர்களிடம் போய்வந்த சிப்பாயைச் சட்டம் தொடவில்லை. எதிர்ப்பு வலுத்து, 1888-ல் அது ரத்தானது. ஒரு பக்கத்தை மட்டும் சோதித்தால் நோய் அடங்காது என்பதை விளக்க மருத்துவம் படித்திருக்கவும் தேவையில்லை.

தமிழ்நாட்டில் கேள்வி ஆண் பக்கம் திரும்பியது 2000-களின் தொடக்கத்தில். 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று ஒரு கற்பனை ஆணைப் பற்றிச் சுவரெல்லாம் விளம்பரம். சினிமாப் பெயர் என்று நினைத்தவர்களும் உண்டு. டீக்கடையில் கேலி செய்தபடியே, ஆணுறை பற்றி வாய்விட்டுப் பேச ஊர் பழகியது. ஆணுறை எச்.ஐ.வி.யோடு வெட்டை நோயையும் தடுக்கும். கிரந்தி வரும் வாய்ப்பையும் குறைக்கும். வெட்டையும் கிரந்தியும் மருந்தில் குணமாகும். எச்.ஐ.வி.யைக் கூட்டு மருந்துகள் கட்டுக்குள் வைக்கும். ஆனால் வெளியே எதையும் காட்டாமல் பல வருடம் உடலில் இருக்கும் கிருமி அது, சோதித்தால்தான் தெரியும்.

அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் அந்தச் சோதனை இலவசம். எதற்கு என்று விளக்கி, ஒப்புதல் வாங்கிய பிறகே ரத்தம் எடுக்க வேண்டும் என்று 2017-ம் வருடச் சட்டம் சொல்கிறது.