வெக்கை நோயும் வழிமறிப்பும்

நாடுகளின் வரலாற்றைப் போர்களைக் கொண்டும் ஆட்சி மாற்றங்களைக் கொண்டும் எழுதுவது வழக்கம். மலைநாட்டின் வரலாற்றிலோ மாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. இரயில் வருமுன் ஊவாவின் வாழ்வு முழுவதும் எருதுகளின் கழுத்திலேயே தங்கியிருந்தது. பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை வழியாக மட்டக்களப்புச் சமவெளிக்கு இறங்கும் பாதையில், பொதிமாட்டுத் தவளங்கள் உப்பையும் கருவாட்டையும் மலைக்குக் கொண்டுவந்தன. தோட்டங்கள் பெருகிய பின்னர், கோப்பிக்கொட்டை கரத்தைகளில் கொழும்பை நோக்கிச் சென்றது; தொழிலாளர்க்குரிய அரிசி கரத்தைகளில் மலையேறியது. கண்டிக்கு 1867இல் வந்த இருப்புப்பாதை நானுஓயாவை 1885இலும் பதுளையை 1924இலுமே எட்டியது.

பண்டத்தோடு நோயும் பயணம் செய்தது. நுவரெலியாவில் பண்ணை அமைத்த சாமுவேல் பேக்கர், தம் மாடுகள் கொள்ளைநோய்க்கு இரையானதை 1855இல் வெளிவந்த நூலிற் பதிவு செய்துள்ளார். மாட்டுக் கொள்ளைநோய்கள் யாவற்றிலும் கொடியது வெக்கை நோய். கடுங்காய்ச்சல், வாய்ப்புண், ஓயாத கழிச்சல் என்று தொடங்கிச் சில நாட்களில் உயிரைப் பறிக்கும். எதிர்ப்பாற்றல் இல்லாத மந்தையில் நூற்றுக்குத் தொண்ணூறு மாடுகளும் மடிவதுண்டு.

ஆயினும், இந்நோய்க்கு ஒரு பலவீனமும் இருந்தது. இதன் நச்சுயிரி மாட்டின் உடலுக்கு வெளியே நெடுநாள் வாழாது. நோயுற்ற மாட்டின் மூச்சும் கழிவும் அண்டை மாட்டை நெருங்கினாலன்றிப் பரவாது. பிழைத்த மாடோ வாழ்நாள் முழுவதும் நோயெதிர்ப்பைப் பெறும். ஆகவே, மாடுகளை நின்ற இடத்திலேயே நிறுத்திவைத்தால் நோயும் அங்கேயே மாண்டொழியும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நச்சுயிரி என்பதையே உலகம் அறியாத காலத்தில், உரோம் நகர மருத்துவர் லான்சிசி இவ்வழியையே வகுத்தார்: நோயுற்றவற்றைக் கொன்று புதைத்தல்; நடமாட்டத்தைத் தடுத்தல். 1865இல் இங்கிலாந்தில் நோய் புகுந்தபோது அந்நாட்டினர் முதலில் தயங்கினர். மந்தைகள் அழிந்த பின்னரே 1866இல் சட்டம் இயற்றி, சந்தைகளையும் போக்குவரத்தையும் கட்டுப்படுத்தினர். கொல்லப்பட்ட மாட்டுக்கு ஈட்டுத்தொகையும் வழங்கினர்.

இலங்கையில் 1909ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விலங்குத் தொற்றுநோய்களைக் கட்டுப்படுத்த வழிசெய்தது. நோயை அறிவித்தல், நோயுற்ற மாட்டைப் பிரித்துவைத்தல், நோய்ப்பகுதியிலிருந்து கால்நடை வெளியேறாது தடுத்தல் ஆகியவை இத்தகைய சட்டங்களின் அடிப்படை. 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டமும் இவ்வழியிலேயே அமைந்தது.

ஏட்டில் இது எளிது. லயத்தில் வாழும் குடும்பத்துக்கோ அவ்வாறன்று. பசறைப் பகுதித் தோட்டங்களில் ஒரு பசு என்பது நாட்கூலிக்கு அப்பாற்பட்ட ஒரே சேமிப்பு. பால் விற்ற காசு பிள்ளையின் புத்தகமாகிறது. சாணம் மரக்கறித் தோட்டத்துக்கு உரமாகிறது. கன்று, திருமணச் செலவுக்கு விலையாகிறது. மாட்டை நகர்த்தலாகாது என்ற ஆணை வந்தவுடன் விற்பனை நின்றுவிடும்; தீனிச் செலவு மட்டும் நில்லாது. இந்நிலையில் உரியவர் நோயை மறைக்க முனைவதும், இரவோடிரவாக மாட்டை வேறு தோட்டத்துக்கு ஓட்டிச்செல்வதும் வியப்பன்று. அவ்வாறு ஓட்டப்பட்ட ஒரு மாடு போதும், பத்துத் தொழுவங்களை வெறுமையாக்க.

மறிப்பின் துன்பத்தை இம்மக்களின் முன்னோர் தம் உடலாலேயே அறிந்தவர்கள். கடல் கடந்து தோட்டங்களுக்கு வந்தோர், தொற்றுநோய் அச்சம் காரணமாக மண்டபம் முகாமில் நிறுத்திவைக்கப்பட்ட பின்னரே கப்பலேற்றப்பட்டனர். மறிக்கப்படுபவன் எதனையும் வினவ இயலாதிருந்த காலம் அது. ஏன் மறிக்கிறோம், எத்தனை நாள் மறிக்கிறோம் என்பதைச் சொல்லாத ஆணையை மக்கள் தண்டனையாகவே கொள்வர்.

மறிப்புத் தளர்ந்தால் நேர்வதையும் இலங்கை கண்டுள்ளது. நாற்பதாண்டுகள் இத்தீவிற் காணப்படாதிருந்த வெக்கை நோய், போர்ச் சூழலில், 1987இல் மீண்டும் புகுந்து வடக்கிலும் கிழக்கிலும் பரவியது. தடுப்பூசியின் துணையோடு 1994க்குப் பின் அது அடங்கியது. 2011இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதன் முற்றாக ஒழித்த இரண்டாம் நோய் இதுவே.

ஆயினும் மறிப்பின் தேவை ஒழியவில்லை. 2020இல் வடக்கில் அறியப்பட்ட தோற்கழலை நோய் 2023இல் வடமேல் மாகாணத்திற் பெருகியபோது, மாடுகளைக் கொண்டுசெல்வது அங்கே தடைசெய்யப்பட்டது. கால், வாய் நோயோ இன்னும் நுட்பமானது. மனிதரின் காலணியிலும் வண்டிச் சக்கரத்திலும்கூட ஒட்டிக்கொண்டு செல்வது.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றே. தடுப்பரண் சாலையில் மட்டும் நின்றாற் போதாது. நோயைக் கண்டவர் அச்சமின்றி வந்து சொல்லத்தக்க கால்நடை மருத்துவர் அருகில் இருத்தல் வேண்டும். அடைபட்ட மாட்டுக்குத் தீனியும், இழந்தவருக்கு ஈடும் கிடைத்தல் வேண்டும். ஊரின் நலனுக்காகத் தன் பசுவைக் கட்டிவைக்கும் ஏழையின் இழப்பில் ஊரும் பங்கேற்பதே அறம். அப்போதுதான் மறிப்பு, தண்டனை என்னும் தோற்றம் நீங்கிக் காவலாகும்.