டிக் அடிக்காத கட்டம்

கொல்கத்தா வந்து பதினோரு வருஷம் ஆச்சு. வீட்டுக் கடன் வாங்கின கையோடு டெர்ம் பாலிசி ஒண்ணு எடுக்கலாம்னு படிவத்தை எடுத்தேன். "எனக்கு ஏதாவது ஆயிட்டா..."ன்னு ஆரம்பிச்சதுமே தங்கமணி எழுந்து சமையலறைக்குப் போயாச்சு. ஊரிலிருந்து அம்மா போனில், "வெள்ளிக்கிழமை அதுவுமா என்னடா பேச்சு இது?"

சரின்னு, பழைய கதையைப் படிக்க உட்கார்ந்தேன் (வேலையைத் தள்ளிப்போட நல்ல வழி!).

இந்தியாவின் முதல் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியான ஓரியண்டல், 1818-ல் இதே ஊரில்தான் ஆரம்பமானது. இங்கே வந்து செத்துப்போகும் வெள்ளைக்காரர்களின் குடும்பத்துக்காக. நம்மாட்கள் கேட்டால் கூடுதல் பிரீமியம். சீக்கிரம் போய்விடுவான் என்று கணக்கு! 1870-ல் பம்பாய் மியூச்சுவல் வந்துதான் இந்தியனுக்கும் சாதாரண ரேட். 1956-ல் 245 நிறுவனங்களைச் சேர்த்து எல்.ஐ.சி. ஆக்கியதெல்லாம் தெரிந்த கதை.

தெரியாத கதை ஒன்று இருக்கிறது. 1874-ல் வந்த திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம். அதன் 6-ஆம் பிரிவின்படி மனைவி, குழந்தைகள் பேருக்கென்று எழுதி எடுத்த பாலிசி அவர்களுக்கான டிரஸ்ட் சொத்து. கணவனே நினைத்தாலும் திருப்பி எடுக்க முடியாது. அவனுடைய கடன்காரரும் கை வைக்க முடியாது (ஏமாற்றுவதற்காகவே எடுத்திருந்தால் தவிர). இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இது பொருந்துமா என்பதில் ரொம்ப நாள் குழப்பம். 1923-ல் சட்டத்தைத் திருத்தித் தீர்த்தார்கள். மற்ற மாகாணங்களில் 1923 ஏப்ரல் 1-க்குப் பிறகு எடுத்த பாலிசிகளுக்குத்தான் செல்லும் என்றார்கள். நம்ம மதராஸில் மட்டும் 1913 டிசம்பர் 31-க்குப் பிறகு எடுத்ததற்கே!

இவ்வளவு முன்னால் இருந்த ஊரிலிருந்துதான் எங்கப்பாவும் பாலிசி போட்டார். மளிகைக் கடை. ஏஜெண்ட் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு முதிர்வுத் தொகை, போனஸ், பொண்ணு கல்யாணம் எல்லாம் பேசினார். சாவைப் பற்றி அவரும் பேசவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. அம்மாவை நாமினியாகப் போட்டதோடு சரி. 1991-ல் அப்பா போனார். கடைக்குச் சரக்குக் கொடுத்தவர்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வாசலில் நின்றார்கள். பாலிசிப் பணத்தில் பாதிக்கு மேல் அவர்களுக்கே போனது. அம்மாவின் வளையலும்தான்.

அந்தச் சட்டத்துக்கான கட்டம் என் படிவத்திலும் இருக்கிறது. பாலிசி எடுக்கும்போதே டிக் அடிக்கணும், அப்புறம் முடியாது. அடித்தேன். அடுத்த வரி, டிரஸ்டி பெயர். யாரைப் போடறதுன்னு சத்தமாகவே யோசித்தேன்.

"உங்க தம்பி மட்டும் வேணாம்"னு சமையலறையிலிருந்து பதில் வந்தது.