உலகப்போர்க் கால அமெரிக்கப் படைக் கைத்துப்பாக்கிகளைச் சேகரித்தல்

இரு உலகப்போர்களிலும் அமெரிக்கப் படையினருக்கு வழங்கப்பட்ட கைத்துப்பாக்கிகளைத் தேடி வாங்கி, அவற்றின் வரலாற்றை ஆராய்ந்து பாதுகாப்பது அமெரிக்காவில் நெடுங்காலமாக நிலவிவரும் ஒரு சேகரிப்புத் துறையாகும். நாணயம், அஞ்சல்தலை சேகரிப்பவர்களைப் போலவே இத்துறையினரும் ஆண்டு, ஆலை, முத்திரை, வரிசை எண் ஆகியவற்றைக் கொண்டு பொருளை வகைப்படுத்துகின்றனர். இத்துறையில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்றே: கையில் உள்ள துப்பாக்கி ஆலையிலிருந்து வெளிவந்தபோது இருந்த நிலையிலேயே இருக்கிறதா, அல்லது பின்னாளில் மாற்றப்பட்டதா?

சட்டத்தின் பார்வையில் பழமை

பேச்சு வழக்கில் இவை 'பழங்காலத் துப்பாக்கிகள்' எனப்பட்டாலும், அமெரிக்கச் சட்டம் அவ்வாறு கொள்வதில்லை. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்டவையே பழங்காலத் துப்பாக்கிகள். உலகப்போர்க் காலத்தவை அதற்குப் பிற்பட்டவை. ஆயினும் 50 ஆண்டுகளைக் கடந்து, பழைய நிலையிலேயே இருக்கும் துப்பாக்கிகள் 'அரும்பொருள், நினைவுப்பொருள்' என்ற தனிப் பிரிவில் அடங்கும். இப்பிரிவுக்கென சேகரிப்பாளர்களுக்குத் தனி உரிமம் வழங்கப்படுகிறது. மாநிலச் சட்டங்கள் இடத்துக்கு இடம் மாறுபடும்.

எம்1911: தோற்றம்

இச்சேகரிப்பின் நடுநாயகமாக விளங்குவது எம்1911 கைத்துப்பாக்கி. பிலிப்பைன்ஸ் போரில் அமெரிக்கர் பயன்படுத்திய .38 அங்குலச் சுழல்துப்பாக்கி, பாய்ந்து வரும் எதிரியைத் தடுத்து நிறுத்தப் போதவில்லை என்ற குறை எழுந்தது. 1904இல் தாம்சன், லகார்ட் என்ற இரு அலுவலர்கள் சிகாகோவின் இறைச்சிக்கூடங்களில் கால்நடைகள் மீதும், மனித சடலங்கள் மீதும் சோதனைகள் நடத்தினர். படைத் துப்பாக்கியின் குண்டு .45 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று அவர்கள் பரிந்துரைத்தனர்.

ஜான் மோசஸ் பிரவுனிங் வடிவமைத்து, கோல்ட் நிறுவனம் தயாரித்த துப்பாக்கி 1911 மார்ச்சில் இறுதிச் சோதனைக்கு வந்தது. 6,000 தோட்டாக்கள் சுடப்பட்டன. சூடேறியபோது துப்பாக்கியை நீரில் அமிழ்த்திக் குளிர்வித்துவிட்டு மீண்டும் சுட்டார்கள். ஒருமுறைகூட அது பழுதாகி நிற்கவில்லை. 1911 மார்ச் 29 அன்று தரைப்படை அதை ஏற்றுக்கொண்டது. ஏழு தோட்டாக்கள் கொள்ளும் இத்துப்பாக்கி, 1985இல் பெரெட்டா எம்9 தேர்வாகும்வரை முதன்மைக் கைத்துப்பாக்கியாக நீடித்தது.

முதல் உலகப்போர்

1917இல் அமெரிக்கா போரில் இறங்கியபோது கைத்துப்பாக்கிகளுக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. கோல்ட் ஆலையோடு ரெமிங்டன் யு.எம்.சி. நிறுவனமும் சேர்ந்து, 1918-1919இல் ஏறத்தாழ 21,600 துப்பாக்கிகளைச் செய்தது. அரசின் ஸ்பிரிங்ஃபீல்ட் படைக்கல ஆலை போருக்கு முன்பே ஓரளவு செய்திருந்தது. கனடாவின் கியூபெக்கில் இருந்த வட அமெரிக்கப் படைக்கல நிறுவனத்தின் ஒப்பந்தம், போர் நின்றதும் முடிவுக்கு வந்தது. அங்கு ஏறக்குறைய நூறு துப்பாக்கிகளே செய்யப்பட்டதால் அவை மிக அரியனவாகிவிட்டன.

1918இல் கோல்ட் செய்தவற்றில், அவசரத்தால் மெருகு குறைந்து கருமை பூசியது போன்ற தோற்றம் உடையவை உண்டு. சேகரிப்பாளர்கள் இவற்றைக் 'கறுப்புப் படைத் துப்பாக்கி' என்பர். மெருகு குறைந்திருப்பதே இங்கு அக்காலத்தின் சான்றாகிறது.

தட்டுப்பாட்டை ஈடுசெய்ய, கோல்ட், ஸ்மித் அண்ட் வெசன் ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து சுமார் 3 லட்சம் எம்1917 சுழல்துப்பாக்கிகளைச் செய்தன. எம்1911இன் தோட்டாவுக்கு அடிவிளிம்பு துருத்தி நிற்காது. அதனால் சுட்ட பின் வெற்றுக் கூடுகளைச் சுழல்துப்பாக்கியிலிருந்து வெளியே தள்ள, மும்மூன்று தோட்டாக்களைப் பற்றிக்கொள்ளும் அரைநிலா வடிவத் தகடு பயன்படுத்தப்பட்டது.

இரண்டாம் உலகப்போர்

1920களில் எம்1911இல் சில மாற்றங்கள் செய்யப்பட்டன. விசை குட்டையாயிற்று, கைப்பிடியின் பின்புறம் வளைவு பெற்றது, விரல் படியும் இடத்தில் சட்டகம் சற்றே செதுக்கப்பட்டது. இவ்வகை எம்1911ஏ1 எனப் பெயர் பெற்றது.

இரண்டாம் உலகப்போரில் இதைச் செய்த ஆலைகளின் பட்டியல் வியப்பூட்டுவது. தட்டச்சுப் பொறி செய்த ரெமிங்டன் ராண்ட் நிறுவனம்தான் மிக அதிகமாக, ஏறத்தாழ 9 லட்சம் செய்தது. கோல்ட் நிறுவனமும், வேட்டைத் துப்பாக்கிகளுக்குப் பெயர்பெற்ற இத்தாக்கா நிறுவனமும் பல லட்சங்கள் செய்தன. ரயில்வே சைகைக் கருவிகள் செய்துவந்த யூனியன் சுவிட்ச் அண்ட் சிக்னல் நிறுவனம் சுமார் 55,000 செய்தது.

தையல் இயந்திரத்தால் நம் வீடுகளிலும் அறிமுகமான சிங்கர் நிறுவனம் செய்தவை வெறும் 500. ஆயுதம் செய்து பழகாத ஆலைகளுக்கு அம்முறையைக் கற்பிக்கும் நோக்கில் அரசு வழங்கிய 'கல்வி ஆணை'யின்கீழ் அவை செய்யப்பட்டன. அதன்பின் சிங்கர், பீரங்கிகளுக்குக் குறி கணிக்கும் கருவிகளைச் செய்யும் பணிக்கு மாறியது. அந்த 500இல் எஞ்சியவையே இன்று இத்துறையின் உச்ச விலைப் பொருள்கள். 2017இல் ஒரு சிங்கர் துப்பாக்கி 4 லட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போனது.

ஸ்மித் அண்ட் வெசனின் 'விக்டரி' சுழல்துப்பாக்கியும் இக்காலத்ததே. இதன் வரிசை எண்ணுக்கு முன் 'வி' என்ற எழுத்து இருக்கும். 1944இன் இறுதியில், இவ்வகைத் துப்பாக்கி ஒன்று போர்க்கப்பலின் தளத்தில் விழுந்து வெடித்ததில் ஒரு கடற்படை வீரர் இறந்தார். உடனே பாதுகாப்பு அமைப்பு திருத்தப்பட்டது. திருத்தம் பெற்றவற்றில் 'எஸ்' எழுத்தும் சேர்க்கப்பட்டது. ஓர் எழுத்துக்குப் பின்னால் ஓர் உயிரின் இழப்பு இருக்கிறது.

தூக்கி எறியச் செய்யப்பட்ட துப்பாக்கி

எஃப்.பி.-45 லிபரேட்டர் என்பது, எதிரியின் பிடியிலிருந்த நாடுகளின் மக்களிடம் சேர்ப்பதற்காகச் செய்யப்பட்ட, ஒருமுறைக்கு ஒரு குண்டே சுடக்கூடிய துப்பாக்கி. 1942 கோடையில் இந்தியானா மாநிலத்தின் ஆண்டர்சன் நகரில், ஜெனரல் மோட்டார்ஸின் விளக்கு செய்யும் பிரிவு சில வாரங்களிலேயே சுமார் 10 லட்சம் செய்து முடித்தது. ஒன்றின் அடக்கவிலை இரண்டு டாலருக்குச் சற்றே கூடுதல். மெழுகு பூசிய அட்டைப் பெட்டியில் பத்துத் தோட்டாக்களோடு, எம்மொழியினருக்கும் விளங்குமாறு எழுத்தில்லாப் படத்தாள் ஒன்றும் வைக்கப்பட்டது. இத்துப்பாக்கிகள் பெரிதாகப் பயன்படவில்லை. போருக்குப் பின் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன. இன்று அந்த அட்டைப் பெட்டியும் படத்தாளும் துப்பாக்கிக்கு இணையாகத் தேடப்படுகின்றன.

மக்களிடம் வந்த வழி

படைத் துப்பாக்கி அரசுச் சொத்து. அவ்வாறே அதன்மீது பொறிக்கப்பட்டும் இருக்கும். 1960களின் தொடக்கத்தில், குடிமக்கள் துப்பாக்கிப் பயிற்சித் திட்டத்தின்கீழ் உபரியான எம்1911 வகைகள் மிகக் குறைந்த விலைக்கு விற்கப்பட்டன. போரின்போது பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டவற்றில் சில, பிரிட்டிஷ் முத்திரைகளோடு பின்னர் அமெரிக்காவுக்கே திரும்பின. 2018இல் கிடங்குகளில் இருந்த துப்பாக்கிகளில் ஒரு பகுதியை மீண்டும் விற்கத் தொடங்கியபோது, விண்ணப்பங்கள் குவிந்ததால் தற்செயல் எண் முறையில் வரிசை ஒதுக்கப்பட்டது.

உண்மைத்தன்மையை அறிதல்

எல்லா ஆலைகளின் உறுப்புகளும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பது படையின் கட்டாய நிபந்தனை. போர்க்களத்துக்கு நன்மையான இந்நிபந்தனையே சேகரிப்பாளருக்குச் சிக்கலாகிறது. பழுது பார்க்கும் இடங்களில் துப்பாக்கிகளைக் குவியலாகப் பிரித்து மீண்டும் சேர்த்தபோது, ஓர் ஆலையின் சட்டகத்தில் மற்றோர் ஆலையின் குழல் ஏறியது. ஆகவே சேகரிப்பாளர் பின்வருவனவற்றை ஒப்பிட்டுப் பார்க்கிறார்:

வரிசை எண்: எந்த ஆலை, எந்த ஆண்டு என்பதைக் காட்டும்.

ஆய்வாளர் முத்திரை: ஒவ்வொரு ஆலையிலும் அரசு ஆய்வாளரின் பெயரெழுத்துகள் பொறிக்கப்பட்டன. கோல்ட் துப்பாக்கியில் ஜி.எச்.டி., ரெமிங்டன் ராண்டிலும் இத்தாக்காவிலும் எஃப்.ஜே.ஏ., யூனியன் சுவிட்சில் ஆர்.சி.டி., சிங்கரில் ஜே.கே.சி. காணப்படும்.

மேற்பூச்சு: தொடக்கத்தில் நீலக் கருமை மெருகு; 1941 முதல் சாம்பல் நிறப் பாஸ்பேட் பூச்சு. வால்நட் மரக் கைப்பிடித் தகடுகளுக்குப் பதில் பழுப்பு நெகிழித் தகடுகள் வந்தன.

சீரமைப்பு முத்திரை: அகஸ்டா கிடங்கில் சீரமைக்கப்பட்டவற்றில் ஏ.ஏ. என்றும், ராக் ஐலண்டில் ஆர்.ஐ.ஏ. என்றும் பொறிக்கப்பட்டிருக்கும்.

விலை உயர உயரப் போலிகளும் பெருகின. எழுத்தைப் பொறிக்கும்போது அதன் ஓரத்தில் உலோகம் மெல்லியதாகப் புடைக்கும். துப்பாக்கியைத் தேய்த்து மறுபூச்சு கொடுத்தால் அப்புடைப்பு மறைந்து, விளிம்புகளும் மழுங்கிவிடும். அனுபவமுள்ளோர் முதலில் பார்ப்பது இதையே. 'இது இன்ன வீரர் ஏந்தியது' என்ற கதை மட்டும் சான்றாகாது. அக்கதையை அந்த வரிசை எண்ணோடு இணைக்கும் ஆவணம் வேண்டும். கோல்ட் நிறுவனம் தன் பழைய பதிவேடுகளிலிருந்து, துப்பாக்கி எப்போது எங்கு அனுப்பப்பட்டது என்பதற்குக் கட்டணம் பெற்றுக் கடிதம் வழங்குகிறது.

பாதுகாத்தல்

முதல் உலகப்போர்க் காலத் துப்பாக்கிகளின் மேற்பகுதி இன்றைய முறைப்படி வெப்பத்தால் கடினப்படுத்தப்பட்டதன்று. எனவே தொடர்ந்து சுட்டால் விரிசல் விடக்கூடும். அக்காலத் தோட்டாக்களின் வெடிமருந்துத் துளி உப்புப் படிவை விட்டுச்சென்று குழலை அரித்தது. தோல் உறைக்குள் வைப்பதும் தீங்கே. தோல் ஈரத்தை இழுத்து உலோகத்தைத் துருப்பிடிக்கச் செய்யும். உறையைத் தனியே வைத்து, துப்பாக்கிக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுப்பதே வழக்கம்.

மறுமெருகு கூடாது என்பதில் சேகரிப்பாளரும் அருங்காட்சியகங்களும் ஒருமித்த கருத்துடையோர். தேய்மானமும் கீறலும் பயன்பாட்டின் பதிவுகள். அவற்றை அழித்தபின் மீட்க வழியில்லை. மாசசூசெட்ஸில் 1968இல் மூடப்பட்ட ஸ்பிரிங்ஃபீல்ட் படைக்கல ஆலை இன்று தேசிய வரலாற்றுத் தலமாக உள்ளது. அங்கும், இல்லினாயின் ராக் ஐலண்ட் படைக்கல அருங்காட்சியகத்திலும் இவ்வகைப் படைக்கலங்களைப் பொதுமக்கள் காணலாம்.