மருந்தும் மறுப்பும்: மனநல மருத்துவமனை நோயாளர் குரலின் வரலாறு

முன்னுரை

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்து நிறைவுறுகிறது. நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என்னும் அவ்வரிசையில் நோயுற்றவனே முதலில் வைக்கப்படுகிறான். இருபதாம் நூற்றாண்டின் மனநல மருத்துவமனைகளில் அம்முதலிடம் எவ்வாறு இழக்கப்பட்டது, எவ்வாறு ஓரளவு மீட்கப்பட்டது என்பதனை இக்கட்டுரை ஆராய்கிறது.

புதிய மருந்தின் வருகை

1952ஆம் ஆண்டு பாரிசின் செயிண்ட் ஆன் மருத்துவமனையில் ழான் தெலே, பியேர் தெனிக்கர் ஆகிய மருத்துவர்கள் குளோர்புரோமசின் மருந்தை அளித்து அதன் பயனை வெளியிட்டனர். சில ஆண்டுகளிலேயே அம்மருந்து பல நாடுகளுக்கும் பரவியது. நோயாளர் கூடங்களில் கூச்சல் அடங்கியது. பலர் வீடு திரும்பினர். ஆயின், இவை புறத்தே நின்று நோக்கியவர் கண்ட மாற்றங்கள். உட்கொண்டவர் உணர்ந்தவற்றுள் உடல் விறைப்பு, கைந்நடுக்கம், ஓரிடத்தில் அமரவொட்டாத தவிப்பு ஆகியனவும் அடங்கும். இவற்றைக் காட்டி மருந்தை மறுத்தபொழுது, அம்மறுப்பும் நோயின் அறிகுறியாகவே பெரும்பாலும் கொள்ளப்பட்டது.

மறுப்பின் பொருள்

1974இல் அமெரிக்க மருத்துவர் தியோடர் வான் புட்டன், நோயாளர் மருந்தை மறுப்பதற்கும் மேற்கூறிய தவிப்புக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினார். 1983இல் ஹோகன், அவாத், ஈஸ்ட்வுட் ஆகியோர் நோயாளரே விடையளிக்கும் 30 கூற்றுகள் கொண்ட மனப்பாங்கு அளவையை உருவாக்கினர். மருந்தால் அடைந்த நலமும் அதனால் உற்ற சோர்வும் அதில் ஒருங்கே வினவப்பட்டன.

இதே காலத்தில் மறுப்பு நீதிமன்றத்தையும் எட்டியது. பாஸ்டன் அரசு மருத்துவமனை நோயாளர் 1975இல் தொடுத்த வழக்கில், நெருக்கடி நிலையிலன்றி வலிந்து மருந்தளித்தல் கூடாதென 1979இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டா என முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை நல்கியது. அவசரச் சிகிச்சைக்கு அது பொருந்தாது.

முடிவுரை

மருந்து தேவையற்றது என்பது இவ்வரலாறு தரும் முடிபன்று. அதனால் வாழ்வை மீளப் பெற்றோர் பலர். அவர்களுள்ளும் அம்மருந்தை வெறுத்தோர் உண்டு. நன்றியும் வெறுப்பும் ஒருவர் நெஞ்சிலேயே உடனுறையக் கூடும். எனவே, மறுப்பை நோயென ஒதுக்காது சான்றெனக் கொண்டு செவிமடுத்தலே, குறள் வகுத்த வரிசையை மருத்துவமனையில் மீண்டும் நிலைநிறுத்துவதாகும்.